காட்டோர ஊர்ல வேட்டை தடுப்பு தகவல் குழு: ரேஞ்ச் ஆபீஸ்ல இருந்து கோர்ட்டு வரைக்கும் முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துல அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு, பென்னாகரம், அரூர்னு காட்டை ஒட்டி இருக்கிற ஊர்க்காரங்களுக்காக இத எழுதுறேன். கையில சாதாரண ஆண்ட்ராய்டு போன், ஊர்ல நம்புற மாதிரி நாலஞ்சு பேர், அவ்வளவு இருந்தா ஆரம்பிச்சிடலாம். வேட்டைக்காரன பிடிக்கிறது நம்ம வேலை இல்லங்கிறத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா புதுசா வர்ற பசங்க முக்கால்வாசிப் பேரு அந்த ஆசையோடதான் வர்றாங்க. பாத்தது என்ன, எங்க, எப்பங்கிறத சரியான ஆளுக்கு சீக்கிரமா, தடயம் கெடாம கொண்டுபோய் சேக்கணும், அதான் மொத்த வேலையும்.

வரிசைய மட்டும் மாத்தாதீங்க. நெறய ஊர்ல முதல்ல வாட்ஸ்அப் குரூப், அப்புறம் கேமரா, கடைசியா ரேஞ்ச் ஆபீஸ் (வனச்சரக அலுவலகம்)னு தலைகீழா போவாங்க, குழு கொஞ்ச நாள்லயே கலைஞ்சிடும்.

1. முதல்ல ரேஞ்ச் ஆபீஸ் போங்க

உங்க ஊரு எந்த வனக்கோட்டம், எந்த ரேஞ்ச், எந்த பீட்டுல (ஒரு வனக்காப்பாளர் பாக்கிற காட்டுப் பகுதி) வருதுன்னு தெரிஞ்சுக்கிறதுதான் மொத வேலை. கிருஷ்ணகிரி மாவட்டக் காடு பெரும்பாலும் ஓசூர் கோட்டத்துல வரும், தருமபுரி மாவட்டத்துல தருமபுரி கோட்டம், அரூர் கோட்டம்னு ரெண்டு இருக்கு. தாலுக்கா எல்லையும் ரேஞ்ச் எல்லையும் ஒன்னா இருக்காது, பக்கத்து ஊருக்கு ஒரு ரேஞ்சர் உங்க ஊருக்கு வேற ரேஞ்சர்னு கூட இருக்கலாம், தப்பான ஆபீசுக்கு போன் போட்டா அவங்க இன்னொரு நம்பர் குடுப்பாங்க, அதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சு போயிருக்கும்.

உங்க ஊர ஒட்டி இருக்கிறது வெறும் காப்புக்காடா இல்ல சரணாலயமான்னும் கேட்டு எழுதி வச்சுக்கோங்க. காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்த 2014-ல அறிவிச்சாங்க, காவேரி தெற்கு 2022-ல வந்துச்சு. சரணாலயத்துக்குள்ள வேட்டையாடினா எந்த விலங்கா இருந்தாலும் 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் 25,000-க்குக் குறையாது. அதனால வேட்டைக்கு வச்ச கம்பி சுருக்கு கெடந்த எடம் சரணாலய எல்லைக்கு உள்ளயா வெளியயாங்கிறது கேசையே மாத்திடும்.

ரேஞ்சர மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க. அவரு ட்ரான்ஸ்பர்ல போயிடுவாரு. பீட் கார்டு (வனக்காப்பாளர்), பாரஸ்டர் (வனவர்), வாட்சர்னு சொல்ற வேட்டைத் தடுப்புக் காவலர்கள் நம்பரையும் வாங்குங்க. வாட்சருங்க பெரும்பாலும் நம்ம பக்கத்துப் பசங்களாத்தான் இருப்பாங்க, ராத்திரி ஒரு மணிக்கு போன எடுக்கிறதும் அவங்கதான்.

அப்புறம் குழுவுல யாரு ஒருங்கிணைப்பாளர், என்ன பண்ணப்போறோம்னு ஒரு பக்கத்துல லெட்டர் எழுதி குடுத்து, காப்பியில சீல் வாங்கிக்கோங்க. தகவல் குடுக்கப்போற எல்லார் பேரையும் அதுல எழுத வேணாம், ஒருங்கிணைப்பாளர் பேர் போதும். அந்த லெட்டர் காட்டுக்குள்ள போக அனுமதி ஆகாது, இத நல்லா மனசுல வைங்க. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம போறது தமிழ்நாடு வனச்சட்டம் 1882 படி குத்தம், சரணாலயத்துக்குள்ள போக வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 படி தனியா அனுமதி வேணும். நம்ம வேலை ரோட்டுல, கொல்லையில, மாடு மேய அனுமதி இருக்கிற எடத்துல, ஆத்தோரத்துல. உள்ள போகணும்னா வனத்துறை ஆளோடதான்.

2. யார சேக்கிறது, யார வேணாம்ங்கிறது

காட்டு மேல ஆசை இருக்கிற காலேஜ் பசங்கள விட, தினமும் அந்தப் பக்கம் போயே ஆகணும்ங்கிற ஆளுதான் நமக்கு வேணும். ஆடு மாடு மேய்க்கிறவங்க, விடியக்காலைல பால் எடுக்கிற வண்டிக்காரர், ராகி கொல்லையில பரண் போட்டு காவல் இருக்கிறவர், புளி பொறுக்கப் போற அம்மாங்க, கடைசி ட்ரிப் மினி பஸ் டிரைவர். நேத்து இல்லாத காலடித்தடம் இன்னைக்கு இருக்குன்னு இவங்களுக்குத்தான் தெரியும், வாரத்துக்கு ஒருதடவ பைக்ல வர்றவருக்குத் தெரியாது.

ஆரம்பத்துல ஆறேழு பேருக்கு மேல சேக்காதீங்க. எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சிருக்கணும்னு கூட அவசியம் இல்ல, தெரியாம இருந்தாலே நல்லது. சின்ன ஊர்ல வேட்டைக்குப் போறவன் யாரோட மச்சானோ பங்காளியோதான், தகவல் சொன்னது யாருன்னு ஒரு பேர் வெளிய வந்தாலும் அடுத்த தடவ ஒருத்தரும் வாய தெறக்க மாட்டாங்க.

முன்னாடி வேட்டைக்குப் போயிட்டு விட்டவங்கள சேக்கலாமான்னு கேப்பாங்க. சேக்கலாம், அவங்க கண்ணுக்குத் தெரியிறது நமக்குத் தெரியாது. ஓசூர் கோட்டத்துல நாட்டுத்துப்பாக்கிய தாங்களாவே ஒப்படைக்கச் சொல்லி ஊர் ஊரா பேசினப்ப நெறய பேரு கொண்டுவந்து குடுத்தாங்க, அவங்க எல்லாம் கெட்டவங்க இல்ல. ஆனா அவர் மேல கேஸ் ஏதாவது நடந்துட்டு இருக்கான்னு ரேஞ்சர்கிட்ட கேட்டுட்டு சேத்துக்கோங்க, நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அதத்தான் தோண்டுவாரு.

3. போன தயார் பண்றது

இதுக்கு ஒரு சாயங்காலம் எல்லாரும் உக்காந்து ஒன்னா பண்ணுங்க, அவங்கவங்க வீட்டுல பண்ணிக்கச் சொன்னா பாதி பேரு பண்ண மாட்டாங்க.

தேதி நேரம் ஆட்டோமேட்டிக்ல இருக்கணும். யாரோ கேம் விளையாட நேரத்த மாத்தி வச்சிருப்பாங்க, அப்ப போட்டோல பதியிற நேரம் பூரா தப்பாயிடும்.

கேமரா செட்டிங்ஸ்ல லொகேஷன் டேக் ஆன் பண்ணுங்க. புது போன்ல இது ஆன் ஆகாமத்தான் வரும்.

ஆப்லைன் மேப் டவுன்லோட் பண்ணுங்க. கூகுள் மேப்லயே உங்க ஏரியாவ சேவ் பண்ணலாம், ஆனா காட்டுப்பாதை, ஓடை எல்லாம் அதுல சரியா இருக்காது, ஆர்கானிக் மேப்ஸ் இல்ல ஓஎஸ்எம்அண்ட் இதுக்கு இன்னும் தேவலாம். ரெண்டும் இலவசம், நெட் இல்லாமலே ஓடும்.

பேட்டரி சேவர ஆப் பண்ணிட்டு பவர் பேங்க் வச்சுக்கோங்க, சேவர் ஆன்ல இருந்தா சில போன்ல ஜிபிஎஸ் தூங்கிடும்.

நம்பருங்கள போன்ல மட்டும் வைக்காம ஒரு அட்டையில எழுதி கவர் பின்னாடி சொருகி வைங்க. பீட் கார்டு, ரேஞ்ச் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், மின்சாரம் சம்பந்தமா மின் வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987, வன உயிரினக் குற்றத் தடுப்பு பணியகத்தோட இலவச நம்பர் 1800 11 9334. இன்னொரு விஷயம், கர்நாடகா எல்லைய ஒட்டின ஊருங்கள்ல போன் அந்தப் பக்கத்து டவர புடிச்சிக்கும், அப்ப அவசர நம்பர் 112 அடிச்சா அந்த மாநில கன்ட்ரோல் ரூமுக்குப் போயிடலாம். அதனால அங்க இருக்கிறவங்க லோக்கல் ஸ்டேஷன் நம்பர கட்டாயம் எழுதி வைக்கணும்.

4. லொகேஷன் எடுக்கிற பழக்கம்

நான் பாத்த வரைக்கும் புதுசா வர்றவங்க அதிகமா சறுக்குறது இங்கதான். "பெரிய ஆலமரத்துக்கு மேக்கால, ஓடைய தாண்டினா ரெண்டு பாறை இருக்கும் பாருங்க"ன்னு சொல்லுவாங்க. ஊர்க்காரனுக்குப் புரியும். போன மாசம் வேலைக்குச் சேந்த கார்டுக்கு எப்படிப் புரியும், அதுவும் இருட்டுல?

ஜிபிஎஸ் வேலை செய்ய சிக்னல் தேவையே இல்ல, இது பல பேருக்குத் தெரியாது. நெட் இல்லாத எடத்துல முதல் தடவ எடம் கண்டுபிடிக்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகலாம், அவ்வளவுதான். மரத்தடில நிக்காம வானம் தெரியிற எடத்துல நின்னு, மேப்ல அந்த நீலப்புள்ளிய சுத்தி இருக்கிற வட்டம் சின்னதா ஆகுற வரைக்கும் பொறுத்து, அப்புறம் எடுங்க. வட்டம் பெருசா இருக்கும்போதே அழுத்தினா எடம் அடுத்த ஓடைல காட்டும்.

தசம எண்ணா எடுங்க, புள்ளிக்கு அப்புறம் அஞ்சு எண் இருக்கட்டும். அஞ்சு எண் இருந்தா கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வரைக்கும் சொல்லும், நாலு இருந்தா 11 மீட்டர், மூணோட நிறுத்திட்டா 110 மீட்டர் தள்ளிப் போயிடும், புதர்க்காட்டுல 110 மீட்டர்னா ஒரு கம்பிய பாதி நாள் தேடணும்.

அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சரிபார்ப்பு: நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் முதல் எண் 11.7-ல இருந்து 12.9-க்குள்ள வரும், ரெண்டாவது எண் 77.4-ல இருந்து 78.7-க்குள்ள. இதுக்கு வெளிய ஏதாவது வந்தா தப்பா டைப் பண்ணிருக்கீங்க. முதல்ல 77, அப்புறம் 12னு இருந்தா எண்ணு ரெண்டும் இடம் மாறிப்போச்சு. கைல எழுதி அனுப்புறவங்க அடிக்கடி பண்றது இதுதான்.

எல்லாருக்கும் ஒரு பயிற்சி குடுங்க. ஒருத்தர் ஊர்ல எங்கயாவது ஒரு கல்லு மேல சாக்பீஸ்ல குறி போட்டுட்டு எஸ்எம்எஸ்ல எண்ண மட்டும் அனுப்பணும், இன்னொருத்தர் அத வச்சு போய் கல்ல கண்டுபிடிக்கணும். நாலு தடவ இத பண்ணாலே கை பழகிடும்.

5. கண்ணுல படுறது என்ன, எதத் தொடக்கூடாது

கம்பி சுருக்கு: பைக் பிரேக் ஒயர், க்ளட்ச் ஒயர், கட்டு கம்பினு எதுல வேணா இருக்கும். வேலி ஓரத்துல, ஓடைக்கு இறங்குற ஒத்தையடித் தடத்துல, கணுக்கால்ல இருந்து முழங்கால் உயரத்துக்குள்ள பாருங்க. பக்கத்துல தழைய ஒடிச்சு ரெண்டு பக்கமும் அடைச்சு வச்சிருப்பாங்க, விலங்கு அந்த ஒரு வழியில மட்டும் வரணும்னு. ஒடிச்ச தழை வாடியிருக்கா பச்சையா இருக்காங்கிறதே எத்தன நாள் ஆச்சுன்னு சொல்லிடும், அதனால அதையும் போட்டோ எடுங்க. ஒரு கம்பி இருந்தா அதே தடத்துல இன்னும் இருக்கும், தேடி நீங்க உள்ள போகாதீங்க, கார்டு வந்து பாக்கட்டும்.

கம்பிய பாத்ததும் புடுங்கி எறியணும்னு கை துடிக்கும். புடுங்காதீங்க. புடுங்கினா அன்னைக்கு ஒரு மான் பொழைக்கும்தான், ஆனா வச்சவன் வந்து பாத்துட்டு வேற தடத்துல போய் வைப்பான், தடயமும் போச்சு, கம்பி மேல உங்க கைரேகை வேற. கார்டு வந்து பாத்துட்டு எடுக்கிறதா இல்ல மறைஞ்சிருந்து ஆள புடிக்கிறதான்னு அவர் முடிவு பண்ணட்டும். பறிமுதல் பண்ற அதிகாரம் அவங்களுக்குத்தான், நமக்கு கிடையாது.

கம்பில உயிரோட விலங்கு மாட்டியிருந்தா, சிறுத்தையோ புள்ளிமானோ எதுவா இருந்தாலும் சரி, அவுத்து விடப்போகாதீங்க. ஆளுங்கள தள்ளி நிக்க வைங்க, நாய கட்டுங்க, வீடியோ எடுக்கிற கூட்டத்த விரட்டுங்க. கூட்டம் பாத்து அது மிரண்டு இழுக்க இழுக்க கம்பி இன்னும் உள்ள இறங்கும். மயக்க ஊசியோட டாக்டர் வர்ற வரைக்கும் அத அமைதியா விடுறதுதான் நாம பண்ற உதவி.

அவுட்டுக்காய்: பன்னிக்குன்னு வைக்கிற வெடி. பழம், கொழுப்பு, மாவு உருண்டைக்குள்ள வச்சிருப்பாங்க, கடிச்சாலோ அழுத்தினாலோ வெடிச்சிடும். மாடு கடிச்சு வாய் கிழிஞ்சு சாகும், யானைக்கும் அதே கதிதான். தனியா ஒரு உருண்டை சம்பந்தமே இல்லாத எடத்துல கெடந்தா கிட்ட போகாதீங்க, காலால தட்டாதீங்க, தூரத்துல இருந்தே ஜூம் பண்ணி ஒரு போட்டோ, லொகேஷன், அப்புறம் வந்த வழியிலயே திரும்பி நடங்க. ஆடு மாட்ட அந்தப் பக்கம் விட வேணாம்னு மேய்க்கிறவங்களுக்கு மட்டும் சொல்லுங்க.

கரண்ட் வேலி: 2023 மார்ச்சுல மாரண்டஅள்ளி பக்கம் கொல்லையில திருட்டு கரண்ட் இழுத்து போட்டிருந்த கம்பில மூணு யானை செத்துச்சு, குட்டி ரெண்டும் பக்கத்துலயே சுத்திட்டு நின்னுச்சு, அத யாரும் மறந்திருக்க மாட்டோம். சோலார் வேலியா திருட்டுக் கரண்டான்னு தூரத்துல இருந்தே ஓரளவு தெரியும். சோலார்ல ஒரு பெட்டி இருக்கும், பேனல் இருக்கும், டிக் டிக்னு விட்டு விட்டு சத்தம் வரும். திருட்டுக் கரண்ட்ல போஸ்ட்ல கொக்கி இல்ல மோட்டார் கொட்டாய்ல இருந்து ஒரு ஒயர், குச்சி நட்டு தாழ்வா ஓடுற வெறும் கம்பி, ராத்திரி மட்டும் கனெக்சன். இதுல முதல் போன் ஈ.பி.க்கு, ரெண்டாவது ரேஞ்சுக்கு. சப்ளைய நிறுத்தாம யாரு கிட்ட போனாலும் உயிருக்கு ஆபத்து, ஈர மண்ணுல கம்பிய தொடாமலே கூட அடிக்கும்.

நெத்தி லைட்டு: முயல் வேட்டைக்கு அமாவாசைய ஒட்டின இருட்டு நாள்ல தலையில லைட்ட கட்டிட்டு போவாங்க. கொல்லைக் காவல்காரர் லைட்டு ஒரே எடத்துல சுத்தும், இவங்க லைட்டு நேரா நகந்துட்டே போகும், அப்பப்ப நின்னு ஒரே பக்கம் பாக்கும். நேரம், போற திசை, எத்தன லைட்டு, பைக்க எங்க நிறுத்தியிருக்காங்கங்கிறத குறிங்க. பைக் நம்பர் கெடச்சா அது பெரிய விஷயம்.

துப்பாக்கி சத்தம்: நம்ம பக்கம் யானைய விரட்ட வெடி போடுறது சகஜம், அதான் குழப்பம். வெடி வரிசையா வரும், கூட ஆளுங்க கூச்சல் தகரம் தட்டுற சத்தம் எல்லாம் கேக்கும். நாட்டுத்துப்பாக்கி ஒரே ஒரு கனத்த 'டொம்', அப்புறம் அமைதி, ஏன்னா திரும்ப மருந்து கெட்டிக்க நேரம் ஆகும். சத்தம் கேட்டதும் மணிய பாருங்க, போன்ல திசைகாட்டி ஆப்ப தெறந்து சத்தம் வந்த பக்கத்துக்கு எத்தன டிகிரின்னு பாத்து எழுதுங்க. காந்தம் வச்ச போன் கவர கழட்டிடணும், இல்லன்னா திசைகாட்டி பொய் சொல்லும். வேற ஊர்ல இருக்கிற இன்னொருத்தரும் அதே சத்தத்துக்கு டிகிரி சொன்னார்னா மேப்ல ரெண்டு கோடும் வெட்டுற எடம்தான் தேட வேண்டிய எடம். வெளிச்சம் தெரிஞ்சு மூணு செகண்ட் கழிச்சு சத்தம் வந்தா சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி நடந்திருக்கு.

6. தகவல் அனுப்புற வரிசை

முதல்ல நீங்க பத்திரமான எடத்துக்கு வாங்க. அப்புறம் போன் கால். எடுக்கலன்னா அடுத்த நம்பர். பேசி முடிச்ச உடனே அதையே எஸ்எம்எஸ்ல அனுப்புங்க, டேட்டா இல்லாத எடத்துல கூட எஸ்எம்எஸ் எப்படியாவது போயிடும், நாளைக்கு 6.40-க்கே சொன்னேன்ங்கிறதுக்கு அதுதான் சாட்சி. போட்டோவ கடைசியா, சிக்னல் கெடச்சதும் அனுப்பிக்கலாம்.

மெசேஜ் இப்படி இருந்தா போதும், எண்ணு சும்மா உதாரணத்துக்கு:

"கம்பி சுருக்கு 3. 12.34567, 77.65432. காலை 6.40. ஆள் யாரும் இல்ல. ஒரு கம்பில ரோமம் இருக்கு. தொடல. ரோட்டுக்கு வந்துட்டேன்."

யாரு வச்சிருப்பாங்கன்னு உங்க ஊகத்த இதுல எழுதாதீங்க. சந்தேகம் இருந்தா நேர்ல, ரேஞ்சர்கிட்ட மட்டும் சொல்லுங்க. ஊர்ப்பகைல பேர இழுத்து விடுறது நடக்கும், ஒரு தடவ அப்படி பொய்னு ஆயிடுச்சுன்னா அதுக்கப்புறம் உங்க குழு அனுப்புற உண்மையான தகவலையும் யாரும் மதிக்க மாட்டாங்க.

காட்டுப்பன்னி விஷயத்துல இப்ப ஒரு குழப்பம் ஓடுது, "பன்னிய சுட கவர்மென்டே சொல்லிடுச்சு"ன்னு. 2025 ஜனவரில வந்த அரசாணை படி காப்புக்காட்டு எல்லைல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால, அதுவும் வனத்துறை ஆளுங்கதான் சுடலாம். ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது, ஒன்னுல இருந்து மூணுக்குள்ள புடிச்சு காட்டுல விடணும். விவசாயியோ அவர் கூட்டிட்டு வர்ற ஆளோ சுட்டா அது வேட்டைதான்.

7. வாட்ஸ்அப்ப ரெண்டா பிரிங்க

யானை வந்திருக்கு, அந்தப் பக்கம் போகாதீங்கங்கிற எச்சரிக்கைக்கு ஒரு குரூப் வைங்க. ஊரே அதுல இருக்கலாம், அட்மின் மட்டும் மெசேஜ் போடுற மாதிரி செட்டிங் வைங்க. அக்டோபருக்கு மேல கர்நாடகா பக்கம் இருந்து யானைக் கூட்டம் எறங்கி, ராகி அறுப்பு முடியிற வரைக்கும் இந்த குரூப்புக்கு நல்ல வேலை இருக்கும்.

வேட்டை தகவலுக்கு குரூப்பே வேணாம். ஒவ்வொருத்தரும் ஒருங்கிணைப்பாளருக்கோ நேரா கார்டுக்கோ தனியா அனுப்பணும். குரூப்ல போட்ட கம்பி போட்டோ பத்து நிமிஷத்துல வச்சவன் போனுக்கே போயிடும். "யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னு கீழ எழுதினா இன்னும் வேகமாப் போகும்.

யானைய எங்க பாத்தோம்ங்கிறத கூட பொது குரூப்ல துல்லியமா போடாதீங்க, "இன்ன ஊரு ரோட்டுப் பக்கம்"னு சொன்னா போதும், கொம்பன் படத்த மேப் லிங்கோட போடுறது யாருக்கு உதவும்னு யோசிச்சுப் பாருங்க. எறும்புத்தின்னி, நட்சத்திர ஆமை, நீர்நாய், உடும்பு இதெல்லாம் கண்ணுல பட்டா போட்டோவ பேஸ்புக்ல ஏத்தவே வேணாம். பாத்த உயிரினத்த பதியிற ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி தளத்துல அழிவு நிலைல இருக்கிற இனத்தோட எடத்த அதுவே மறைச்சுக் காட்டும், நீங்களும் ஒவ்வொரு பதிவுக்கும் மறைக்கிற ஆப்ஷன போட்டுக்கலாம். எங்க ஏத்தினாலும் விளக்கத்துல ஊர் பேர எழுதிட்டா அதெல்லாம் வீண்.

8. போட்டோ கோர்ட்டுல நிக்கணும்னா

ஒவ்வொரு எடத்துலயும் மூணு வகை எடுங்க: தூரத்துல இருந்து சுத்துப்புறம் தெரியிற மாதிரி ஒன்னு, நடுத்தூரத்துல ஒன்னு, கிட்டத்துல அளவு தெரிய ஒரு பேனாவோ பத்து ரூபா காசோ பக்கத்துல வச்சு ஒன்னு. காசு வைக்கிறதும் வெடி இல்லாத எடத்துல மட்டும்தான். காலடித் தடத்துக்கு நேர் மேல போன புடிச்சு எடுக்கணும், சாய்ச்சா அளவு மாறிடும்.

எடுத்த படத்த வெட்டாதீங்க, பில்டர் போடாதீங்க, மேல வட்டம் அம்புக்குறி எதுவும் வரையாதீங்க. விளக்கணும்னா காப்பி எடுத்து அதுல வரைங்க. வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா படம் சுருங்கி, உள்ள இருக்கிற லொகேஷன் நேரம் எல்லாம் அழிஞ்சிடும், அதனால டாக்குமென்ட்டா அனுப்புங்க. ஒரிஜினல் உங்க போன்லயே இருக்கட்டும், கேஸ் முடியிற வரைக்கும் அழிக்காதீங்க, போன விக்கிறதுக்கு முன்னாடி ரேஞ்ச் ஆபீஸ்ல சொல்லுங்க.

இவ்வளவு கெடுபிடி எதுக்குன்னா, 2024 ஜூலை 1-ல இருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம்ங்கிற புது சாட்சியச் சட்டத்தோட 63-வது பிரிவு படி மின்னணு ஆதாரத்தோட ஒரு சான்றிதழ் குடுக்கணும். அதுல போன் விவரமும், பைலோட ஹேஷ் எண்ணும் (பைலோட கைரேகை மாதிரி) வரும். பைல்ல ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண்ணு மாறிடும். சான்றிதழ்ல ஒரு பகுதிய போன் வச்சிருக்கிறவர் கையெழுத்துப் போடணும், இன்னொன்ன நிபுணர் போடுவாரு. இப்ப புரியுதா, யாரு போன்ல போட்டோ எடுக்கிறோம்ங்கிறது ஏன் முக்கியம்னு? பேர் வெளிய வரக்கூடாதுன்னு நெனைக்கிறவர் போட்டோ எடுக்க வேணாம், வாயால தகவல் மட்டும் சொல்லட்டும், கார்டு வந்து தன்னோட போன்ல எடுத்துக்கட்டும். சாட்சியா வர்றவர் வேற, தகவல் சொல்றவர் வேறன்னு ஆரம்பத்துலயே பிரிச்சிடுங்க, பின்னாடி பிரிக்க முடியாது.

9. பதிவேடு

ஒரு நோட்டு போதும்னு நெனைப்பீங்க. நோட்டு நல்லதுதான், ஆனா அதுல மேப் வராது. கோபோ டூல்பாக்ஸ்னு ஒரு இலவச வசதி இருக்கு, நாமளே தமிழ்ல படிவம் செஞ்சுக்கலாம், போன்ல நெட் இல்லாமலே பூர்த்தி பண்ணி சிக்னல் வந்ததும் அனுப்பலாம், லொகேஷனயும் அதுவே புடிச்சுக்கும். கேள்வி ஆறுக்கு மேல வேணாம்: என்ன, எங்க, எப்ப, புதுசா பழசா, யாருக்குச் சொன்னோம், அவங்க எப்ப வந்தாங்க. கடைசி ரெண்டு கேள்விய பெரும்பாலும் விட்டுடுறாங்க. பின்னாடி தேவப்படுறதே அதுதான்.

ஒரு வருஷம் ஓடினா மேப்ல கொத்து கொத்தா தெரிய ஆரம்பிக்கும். கோடைல ஓடை வத்தி தண்ணி ஒன்னு ரெண்டு குட்டைல மட்டும் நிக்கிறப்ப அங்க சுத்தி, பொங்கல் சமயத்துல முயல் வேட்டைக்குப் போற பழக்கம் இருக்கிற ஊருங்க பக்கம், இப்படி. அந்த மேப்ப ரேஞ்சர்கிட்ட எடுத்துட்டுப் போங்க, ரோந்து எந்த நாள் எந்தப் பக்கம் போறதுன்னு முடிவு பண்ண அவங்களுக்கு அது உதவும். வனத்துறைகளும் ஸ்மார்ட், எம்-ஸ்ட்ரைப்ஸ் மாதிரி ரோந்து ஆப்ஸ்ல இப்படித்தான் பதிவு பண்றாங்க, நம்ம எண்ணு தசம வடிவுல இருந்தா அப்படியே சேத்துக்கலாம். படிவத்தோட பாஸ்வேர்ட் ரெண்டு பேருகிட்ட மட்டும் இருக்கட்டும்.

10. கேமரா, ட்ரோன்

முதல் வருஷம் வாங்காதீங்க. யாராவது நன்கொடை குடுத்தாங்கன்னா, கேமராவ உங்க பட்டா நிலத்துல மட்டும் வைங்க, காப்புக்காட்டுல அனுமதி இல்லாம ஒரு மரத்துல கூட கட்டக்கூடாது. முழங்கால் உயரம், தடத்துக்குக் குறுக்கா நேரா வைக்காம கொஞ்சம் சாய்வா, சூரியன் நேரா அடிக்காம வடக்கு இல்ல தெக்கு பாத்து வைங்க, முன்னாடி ஆடுற புல்ல வெட்டுங்க, இல்லன்னா மெமரி கார்டு முழுக்க புல்லு படமாத்தான் இருக்கும். ராத்திரி செவப்பா மின்னாத வகை வாங்கினா ஆளு கவனிக்க மாட்டான். சிம் போட்ட கேமரா சிக்னல் இருந்தாத்தான் படம் அனுப்பும், அஞ்செட்டிக்கு அந்தாண்ட பல எடத்துல அது வெறும் பெட்டிதான். குளிக்கப்போறவங்க, வெளிக்குப் போறவங்க வர்ற வழியில கண்டிப்பா வைக்காதீங்க.

ட்ரோன் வனத்துறை பறக்க விடட்டும். சரணாலயத்து மேல நீங்க விட்டா கேஸ் உங்க மேலதான் வரும்.

11. ஆன்லைன்ல விக்கிறது

நட்சத்திர ஆமை, மண்ணுளிப்பாம்பு, எறும்புத்தின்னி ஓடு, கிளி எல்லாம் இன்ஸ்டாகிராம்லயும் டெலிகிராம்லயும் ஓடுது, முயல்கறி சமைக்கிற வீடியோவும் வருது. ஸ்கிரீன்ஷாட்ல அக்கவுண்ட் பேரு, தேதி, நம்பர் தெரியணும், லிங்க்க தனியா காப்பி பண்ணுங்க, போட்டவன் அழிச்சிட்டாலும் அத வச்சு தேடுவாங்க. வாங்குற மாதிரி நடிச்சு பேசாதீங்க. வெல பேசின சாட்டு உங்க போன்ல இருந்தா நீங்களும் விசாரணைல உக்காரணும். அந்த தளத்துல ரிப்போர்ட் பண்றதுக்கு முன்னாடி அதிகாரிங்களுக்கு அனுப்பிடுங்க, முதல்லயே ரிப்போர்ட் அடிச்சா அக்கவுண்ட் மறைஞ்சிடும், ஆளும் மறைஞ்சிடுவான்.

12. கிராம சபைல வைங்க

வருஷத்துல ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு ஆறு கிராம சபை நடக்குது. பேரு யாரையும் சொல்லாம, "திருட்டுக் கரண்ட் வேலி, அவுட்டுக்காய், கம்பி வைக்கக்கூடாது"ன்னு தீர்மானம் போடுங்க. வன உரிமைச் சட்டம் 2006-ல 5-வது பிரிவு, வன உரிமை இருக்கிறவங்களுக்கும் கிராம சபைக்கும் காட்டையும் வன உயிரையும் காக்கிற அதிகாரத்த குடுத்திருக்கு, அத தீர்மானத்துல குறிப்பிடுங்க.

அதே கூட்டத்துல பயிர் சேத இழப்பீடு மனுவையும் சேத்து பேசுங்க. பன்னி நிலக்கடலைய தோண்டிட்டுப் போனவர்கிட்ட போயி பன்னிய காப்பாத்துங்கன்னு சொன்னா கோவம்தான் வரும், இழப்பீட்டு மனு எழுத நாம கூட உக்காந்தோம்னா அவரே நாளைக்கு நமக்கு தகவல் சொல்லுவாரு. என்னக் கேட்டா மத்த எல்லா டெக்னாலஜியையும் விட அந்த மனு எழுதிக் குடுக்கிறதுதான் அதிகமா வேலை செய்யுது.

13. சொல்லியும் ஒன்னும் நடக்கலன்னா

ஒரு ராத்திரி யாரும் வரலன்னா உடனே பத்திரிகைக்குப் போகாதீங்க. ஒரு கார்டுக்கு பீட் பெருசு, வண்டி இருக்காது, அதே நேரத்துல வேற ஊர்ல யானை விரட்டிட்டு இருப்பாரு. ஒரு வாரம் பாத்துட்டு ரேஞ்சர நேர்ல பாருங்க, அப்பவும் இல்லன்னா பதிவேட்டு பிரிண்ட்ட வச்சு மாவட்ட வன அலுவலருக்கு பதிவுத் தபால்ல எழுதுங்க, தேதியும் நேரமும் அதுல இருக்கும், அதான் அந்த கடைசி ரெண்டு கேள்விய கேக்கச் சொன்னேன். அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல இன்ன தேதி புகார் மேல என்ன நடவடிக்கைன்னு கேளுங்க, விசாரணைல இருக்கிற கேஸ்னா விவரம் தர மாட்டாங்க, கேஸ் பதிஞ்சாங்களா இல்லையான்னு மட்டும் கேட்டா பதில் கெடைக்க வாய்ப்பு அதிகம்.

இதுக்கும் மேல ஒரு வழி இருக்கு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 55-வது பிரிவு படி, குத்தத்தையும் புகார் குடுக்கப்போறதையும் சொல்லி 60 நாள் முன்கூட்டி நோட்டீஸ் குடுத்தா, சாதாரண ஆளே நேரா கோர்ட்டுல புகார் குடுக்கலாம். அதுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல பாருங்க, சாட்சியா யாரு வருவாங்க, ஒரிஜினல் போட்டோ எந்த போன்ல இருக்குன்னு அவர் கேக்கிற முதல் ரெண்டு கேள்விக்கு பதில் கையில வச்சுட்டுப் போங்க.